மறுபடியும் கழுவிய கை

சென்னிமலை யாரையும் குருவாக ஏற்றவர் அல்ல.

பள்ளிக்கூடம் அவருக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மீதியைத் துண்டறிக்கைகள் சொல்லிக் கொடுத்தன. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சுமைதூக்குவோர் சங்கத்தைத் தொடங்கியவர். யாராவது காலில் விழ வந்தால் எட்டி நின்று திட்டுவார். “கீழ விழறதுக்கு மூட்டை இருக்குது. மனுசன் எதுக்கு விழறே?” என்பார்.

அறுபத்தாறாவது வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். மூன்று வாரத்துக்கு.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. பெயர் பிலோமினா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். ஊருக்குள் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் ஒப்பந்த நர்ஸ். அறுவை அரங்கிலும் அவரே, வார்டிலும் அவரே.

நாற்பது வருடம் மூட்டை ஏறிய சென்னிமலையின் வலது தோள் தேய்ந்துவிட்டது. கோஷம் போடும்போது மற்றவர்களின் கை வானத்தைக் காட்டும். சென்னிமலையின் கை எதிரில் நிற்பவனின் மார்பைக் காட்டும். மே தினத்தன்று மண்டி வாசலில் கொடி ஏற்றுவது அவர்தான். போன வருடம் கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டார். கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

டாக்டர் சுகவனம் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “தோள்ல புது மூட்டு வெச்சிரலாம். உலோகம். கை மேல போகும். ஆனா அதுல கிருமி பிடிச்சா கழட்டித்தான் எடுக்கணும். அப்புறம் இன்னொண்ணு வைக்கறது சுலபமில்ல. கை தொங்கிப் போகலாம்.”

“பிடிக்காம இருக்க என்ன செய்யணும்?”

“அதை சிஸ்டர் சொல்லுவாங்க.”

பிலோமினா சொன்னார். சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார். பீடியை விடச் சொன்னார். விட்டார். சர்க்கரை பார்க்கச் சொன்னார். பார்த்தார். கடைசியாக ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அரைமணி நேரத்தில் சென்னிமலை திரும்பி வந்தார். கையில் களிம்பு. முகத்தில் கோபம்.

“அம்மணி, இது மூஞ்சியில பருவுக்குப் போடறதாமே. மருந்துக்கடைக்காரன் எனக்குப் பொண்ணு பாக்கறாங்களான்னு கேக்கறான்.”

“அதேதாங்க ஐயா. தினமும் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு தோள்லயும் அக்குள்லயும் தடவணும். ஆபரேஷனுக்கு முன்னாடி அஞ்சு நாள்.”

“நான் குளிக்காதவன்னு நெனச்சீங்களா?”

“இல்லீங்க.”

“எங்கள அழுக்கன்னு சொல்லித்தான் வாசல்லயே நிறுத்தி வெச்சாங்க. டீக்கடையில எங்க தம்ளரு தனியாத் தொங்கும். அதக் கழட்டறதுக்கு நான் ஜெயிலுக்குப் போயிருக்கேன். இப்ப ஆஸ்பத்திரியும் அதையே சொல்லுதா?”

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிலோமினா எழுந்தார்.

“எங்கூட வாங்க ஐயா” என்றார்.

அறுவை அரங்குக்கு வெளியே ஒரு சின்ன அறை. கதவில் வட்டமாகக் கண்ணாடி. சென்னிமலையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு பிலோமினா கதவைத் திறந்து உள்ளே போய் ஓரமாக நின்றார். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

உள்ளே டாக்டர் சுகவனம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

நகம் ஒவ்வொன்றாக. விரல் இடுக்கு ஒவ்வொன்றாக. உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முழங்கை வரை. சென்னிமலை மனதுக்குள் எண்ணினார். அந்த நேரத்தில் அவர் ஆட்கள் எட்டு மூட்டை இறக்கிவிடுவார்கள்.

டாக்டர் முடித்தார். கைகளை மேலே தூக்கியபடி திரும்பினார். திரும்பும்போது சுண்டுவிரல் குழாயின் கழுத்தில் லேசாகப் பட்டது.

“மறுபடியும், சார்” என்றார் பிலோமினா.

டாக்டர் விரலைப் பார்த்தார். முதல் நகத்திலிருந்து ஆரம்பித்தார்.

பிலோமினா வெளியே வந்தார்.

“அவரும் குளிச்சிட்டுத்தாங்க வந்தாரு” என்றார்.

சென்னிமலை கண்ணாடியை விட்டு நகரவில்லை.

“அந்தக் கிருமி முடி வேருக்குள்ள இருக்குங்க ஐயா. எனக்கும் இருக்கு. அவருக்கும் இருக்கு. உங்க மண்டி முதலாளிக்கும் இருக்கும். தோல்ல இருக்கற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. உள்ள உலோகம் வெச்சா அதுல போய் ஒட்டிக்கும்.”

“அது இருக்கட்டும். அவரு ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலை போயிருமில்லீங்க?”

“போயிருங்க.”

“அப்புறம் எப்படிச் சொன்னீங்க?”

“விரல் குழாயில பட்டுது. சொன்னேன்.”

“நான் கேக்கறது வேற அம்மணி. அவரு ஏன் கழுவினாரு? ஒரு முதலாளி எங்க பேச்சக் கேக்கணும்னா நாங்க லாரிய மறிக்கணும். மூணு நாள் பட்டினி கெடக்கணும். நீங்க ஒத்த வார்த்தை சொன்னீங்க. அவரு ஏன் கழுவினாரு?”

பிலோமினா களிம்பை அவர் சட்டைப் பையில் வைத்தார்.

“அத அப்புறம் சொல்றேன். இத இன்னைக்கே ஆரம்பிங்க.”

சென்னிமலை தடவினார். ஐந்து நாளில் அவருடைய சிவப்புத் துண்டு தோள்படும் இடத்தில் திட்டுத் திட்டாக வெளுத்தது. அந்தக் களிம்பு சாயத்தை உரிக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

சங்கச் செயலாளர் குழந்தைவேலுவுக்கு ஐம்பது வயது. துண்டறிக்கை வாசிக்கச் சென்னிமலையிடம்தான் கற்றுக்கொண்டவர். துண்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னங்க தலைவரே, சங்கத்துச் செவப்பே வெளுத்துப் போச்சு!”

“இது களிம்புல வெளுத்தது. பதவியில வெளுத்த துண்டு ஊர்ல ஆயிரம் இருக்குது. அதப் பாத்துச் சிரி, போ.”

அறுவைச் சிகிச்சை நடந்தது. புது மூட்டு உட்கார்ந்தது. வலது கையைத் துணித் தொட்டிலில் போட்டு மார்போடு கட்டினார்கள். தோளின் முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்திரி.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு உடைந்த ஒரு பெரியவர். அவர் மனைவி பாப்பாயி கூட இருந்து பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் பாப்பாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். திருநீறு. அதைப் புருஷனுடைய காயத்துக் கட்டின்மேல் பூசப் போனார்.

சென்னிமலைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சாம்பல்ல மருந்து இருந்தா சுடுகாடெல்லாம் ஆஸ்பத்திரி ஆயிருக்குமே அம்மணி!”

வார்டே சிரித்தது. பாப்பாயியின் கை நடுவில் நின்றது.

பிலோமினா சிரிக்கவில்லை. “நெத்தியில வைங்கக்கா. காயத்துப் பக்கம் வேண்டாம். கை கழுவிட்டு வைங்க” என்றார்.

பாப்பாயி கை கழுவிவிட்டு வந்து நெற்றியில் வைத்தார்.

நான்காம் நாள் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். பாதி நாள் வேலையை விட்டுவிட்டு மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் வார்டு வாசலுக்கு வந்ததும் மருந்து வாசனை போய் மஞ்சள் வாசனை வந்தது.

குழந்தைவேலுவின் கையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது.

அந்தப் பெட்டியில் இருப்பது பொன்னாடை. சங்கத்துக்கு ஒரே பொன்னாடைதான். யாருக்கு மரியாதை செய்தாலும் அதைப் போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், திரும்ப வாங்கி மடித்து வைப்பார்கள். புதிது வாங்கிக் கொடுத்துப் பணத்தைக் கரைக்கக் கூடாது என்பது சென்னிமலையே போட்ட விதி. பதினான்கு வருடமாக அது எத்தனையோ தோள் ஏறி இறங்கியிருக்கிறது. சரிகை கறுத்துவிடும் என்று ஒருமுறைகூடத் துவைத்ததில்லை.

பிலோமினா குறுக்கே நின்றார்.

“ரெண்டு பேரு மட்டும் உள்ள வாங்க. அங்க குழாய் இருக்கு, கை கழுவிட்டு வாங்க. கட்டில்ல உக்காரக் கூடாது. அது என்னங்க பெட்டி?”

“பொன்னாடைங்க சிஸ்டர். தலைவருக்கு.”

“இப்பப் போர்த்தக் கூடாதுங்க. துணி எதுவும் காயத்துமேல படக் கூடாது.”

“இது துணி இல்லீங்க. மரியாதை.”

பிலோமினா சென்னிமலையைப் பார்த்தார்.

“ஐயா, தோள் உங்களுது” என்றார்.

அப்போது அரங்கிலிருந்து மணி அடித்தது. பிலோமினா ஓடினார்.

எட்டுப் பேரும் தலைவரைப் பார்த்தார்கள். பாதி நாள் கூலியை விட்டு வந்தவர்கள். சென்னிமலை பாப்பாயி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

“ஒரு நிமிசந்தானே. போட்டோ எடுத்துட்டு உடனே எடுத்துருங்க” என்றார்.

எட்டுப் பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பொன்னாடை தோளில் ஏறியது. படம் எடுத்தார்கள். குழந்தைவேலு அதைத் திரும்ப எடுத்தபோது சரிகையின் பிசிறு பிளாஸ்திரி ஓரத்தில் மாட்டியது. இழுத்தார். ஓரம் தூக்கிக்கொண்டது.

“ஒண்ணுமில்லீங்க தலைவரே” என்று கட்டைவிரலால் அமுக்கி ஒட்டிவிட்டார்.

அவர்கள் போன பிறகு சென்னிமலை குனிந்து பார்த்தார். வெள்ளைப் பிளாஸ்திரியில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல். ரேகைகூடத் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் பாப்பாயி புருஷனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

“ஏனுங்ணா, எங்க சாம்பலாச்சும் நெத்தியோட நின்னுச்சுங்க.”



பிலோமினா திரும்பி வந்தார். நடந்து வந்தவர் கட்டிலுக்கு நான்கடி முன்பே நின்றுவிட்டார்.

“யாருங்க தொட்டது?”

சென்னிமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஐயா, யாரு தொட்டது?”

சென்னிமலை சுவரைப் பார்த்தார். ஒன்பது முறை காவல் நிலையத்தில் அவரை இந்த மாதிரிக் கேட்டிருக்கிறார்கள். லாரியை மறித்தது யார், கல்லை எடுத்தது யார் என்று. முட்டியில் அடித்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெயரும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

“பேரச் சொல்ல மாட்டனுங்க” என்றார்.

“பேரு எனக்கு வேண்டாம். நான் போலீஸ் இல்லீங்க. பிளாஸ்திரி தூக்குச்சா, இல்ல மேலாப்புல பட்டுச்சா? அத மட்டும் சொல்லுங்க.”

சென்னிமலை சுவரிலிருந்து திரும்பினார்.

“தூக்குச்சு. கீழ் ஓரம். திரும்ப அமுக்கியாச்சு.”

“எவ்வளவு தூக்குச்சு?”

சென்னிமலை இடது கையில் அரைவிரல் அளவு காட்டினார்.

பிலோமினா கை கழுவினார். டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்தார், கை கழுவினார், பார்த்தார். பழைய பிளாஸ்திரியை எடுத்தார்கள். சுற்றிலும் மருந்து வைத்துத் துடைத்தார்கள். புதிதாக ஒட்டினார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சென்னிமலை பதில் பேசியிருப்பார்.

டாக்டர் போன பிறகு சென்னிமலை கேட்டார். “ஒண்ணும் ஆகாதில்லீங்க அம்மணி?”

“தெரியாதுங்க.”

“எப்பத் தெரியும்?”

“மேல கெட்டுதுன்னா பத்து, பதினஞ்சு நாள்ல தெரியும். செவக்கும், கசியும், காய்ச்சல் வரும். உள்ள போயிருந்தா ஒரு வருசம்கூட ஆகும். சில பேருக்கு ரெண்டு வருசம். அது அவசரப்படாத கிருமிங்க. வலி கொஞ்சம் கொஞ்சமாக் கூடும். தோள் இறுகும்.”

“அது வரைக்கும் நான் என்ன செய்யறது?”

“கசிஞ்சா மருந்துக்கடைக்குப் போய் நீங்களா மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. நேரா இங்க வரணும். அப்புறம், யாரு தொட வந்தாலும் அவங்க கையப் பாத்துக்கிட்டே இருங்க.”

“யாரு வந்தாலுமா?”

“யாரு வந்தாலுங்க.”

அன்று சாயங்காலம் சென்னிமலை பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார்.

“நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க அம்மணி.”

“அட, பரவால்லீங்ணா” என்றார் பாப்பாயி. “வார்டே சிரிச்சதுல இவரும் சிரிச்சுப்போட்டாரு. விழுந்ததுல இருந்து அன்னைக்குத்தான் சிரிச்சாரு.”

மறுநாள் சென்னிமலை வீட்டுக்குப் போனார். போன உடனே குழந்தைவேலுவைக் கூப்பிட்டுப் பொன்னாடையைத் துவைக்கச் சொன்னார். குழந்தைவேலு சங்கத்து வாசலில் வைத்துத் துவைத்தார். மூன்று வாளித் தண்ணீர் மஞ்சளாகப் போனது. சரிகை கறுத்துவிட்டது.

“இனி இத யாருக்குங்க போர்த்தறது? மரியாதையே போச்சு தலைவரே.”

“மூணு வாளித் தண்ணிக்குத் தாங்காததா அது?” என்றார் சென்னிமலை.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கண்ணாடி முன்னால் நின்று பிளாஸ்திரியைப் பார்ப்பார். ஓரம் சிவந்திருக்கிறதா. ஈரம் தெரிகிறதா. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் சூடா, வெயில் சூடா என்று தெரியாது. பேரன் பேத்திகள் ஓடி வந்தால் இடது கையை நீட்டித் தடுப்பார். மண்டியிலிருந்து பார்க்க வந்தவர்கள் வாசல் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார்கள். தலைவர் பெரிய மனுசன் ஆகிவிட்டார் என்று ஒருவன் டீக்கடையில் சொன்னதும் அவர் காதுக்கு வந்தது. வாசல் குழாயை அவர் மூடச் சொல்லவில்லை.

பதினான்காம் நாள் தையல் பிரிக்கப் போனார். குழந்தைவேலு கூட வந்தார். மூன்று முறை சோப்புப் போட்டும் அவர் கட்டைவிரல் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்.

பிலோமினா கை கழுவினார். கையுறை போட்டார். தட்டை இழுத்து வைத்தார். சென்னிமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கண் பிலோமினாவின் கையிலேயே இருந்தது.

“பயப்படாதீங்க ஐயா. எறும்பு கடிக்கற மாதிரித்தான் இருக்கும்.”

பிலோமினா குனிந்தார். மூக்குக் கண்ணாடி வழுக்கி இறங்கியது. கையுறை போட்ட விரலால் அதை மேலே தள்ளிவிட்டார். அதே விரல் காயத்தை நோக்கி வந்தது.

சென்னிமலை பார்த்தார்.

ஆய்வாளரிடம், ஆட்சியரிடம், அமைச்சரிடம் அவர் முகத்துக்கு நேரே பேசியிருக்கிறார். அப்போதெல்லாம் நாக்கு தானாக எழுந்தது. இப்போது எழவில்லை. எதிரே நின்றது எதிரி இல்லை. ராத்திரியும் பகலும் பார்த்துக்கொண்டவர். தன்னைத் திட்டாமல் விட்டவர்.

விரல் பிளாஸ்திரிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது.

“மறுபடியும், அம்மணி” என்றார்.

குழந்தைவேலு பதறிப் போனார். “தலைவரே! அவங்களையா?”

பிலோமினாவின் கை நின்றது. விரலைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். குழாய்க்குப் போனார். முதல் நகத்திலிருந்து ஆரம்பித்தார்.

சென்னிமலை எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

புதுக் கையுறையோடு பிலோமினா திரும்பி வந்தார். பிளாஸ்திரியை உரித்தார். காயம் ஒரு மெல்லிய கோடாக இருந்தது. சிவப்பில்லை. கசிவில்லை. ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

“மேல சுத்தமா ஆறியிருக்குங்க. உள்ள எப்படின்னு போகப் போகத்தான் தெரியும்.”

“தெரியுங்க.”

“மே தினத்துக்குக் கயிறு இழுக்கலாமான்னு டாக்டரைக் கேட்டுக்கங்க.”

“கேக்கறேன்” என்றார் சென்னிமலை. “அன்னைக்கு ஒண்ணு கேட்டேனுங்க. டாக்டரு ஏன் கழுவினாருன்னு. அப்புறம் சொல்றேன்னீங்க.”

“சொல்லிட்டனே ஐயா.”

குழந்தைவேலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சென்னிமலை குழாயைப் பார்த்தார். அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னொண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க அம்மணி. கண்ணாடிய மறந்து தொட்டீங்களா, தெரிஞ்சே தொட்டீங்களா?”

பிலோமினா கடைசித் தையல் நூலைத் தட்டில் போட்டார்.

“கிருமிக்கு அது தெரியாதுங்க ஐயா.”